ஹார்ன் அடிக்க வேண்டிய இடம்

அந்தப் பலகையில உக்காராதீங்கண்ணா, அதுக்குக் கீழதான் பேட்டரி இருக்குது. உக்காந்தா ஒண்ணும் ஆவாது. ஆனா மோட்டாரு மாட்டிக் குடுத்த மேடம் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். இப்படி எதிர்ல வாங்க. இது கடைசி நடை, வேற யாரும் வர மாட்டாங்க. ஏரி நடுவுல இருக்கற எங்க திட்டுக்குப் போயி என் வூட்ல சாப்ட்டுட்டுத் தங்கிடுங்க, காலையில முத நடையில கொண்டாந்து வுட்டுடறேன். முத்துப்பேட்டையிலேர்ந்து பழவேற்காடு வரைக்கும் வந்துட்டு, கரையில நின்னு போட்டப் பாத்துட்டுப் போனா இன்னா அர்த்தம்?

பாருங்க, கெளம்பிட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சுதா? தெரியாது. ஸ்கூட்டர் மாதிரி இதத் திருகினா போதும், போயிடும். முன்னெல்லாம் கம்பியப் போட்டு சுத்தி, நெஞ்சு வலிக்க நாலு தடவ சுத்தினாத்தான் இன்ஜின் எடுக்கும். உங்க போட்டும் டீசல்தானே, உங்களுக்குச் சொல்லவா வேணும்.

டீசல வுட்டுட்டு இந்த மோட்டாருக்கு மாத்தலாமா வேணாமான்னு கேக்கறீங்க. மாத்துங்கண்ணா. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். இந்தக் கையப் பாருங்க. முப்பது வருஷமா சுக்கான் புடிச்ச கை. சாயங்காலம் வூட்டுக்குப் போறப்போ அஞ்சு விரலும் மரத்துப் போயிருக்கும். சோறு சுடுதா ஆறிப் போச்சான்னு கையில தெரியாது, வாயில வெச்சாத்தான் தெரியும். இப்ப அது இல்ல. விரல் நல்லா இருக்குது. டீசல் நாத்தம் இல்ல. ஸ்கூல் பசங்க வாந்தி எடுக்கறதில்ல. போட்டுக்கு அடியில கறுப்பா எண்ணெத் தண்ணி நிக்குமே, அத டப்பாவால மோந்து மோந்து ஊத்தணுமே, அதுவும் இல்ல. நல்லதுதான். நல்லது இல்லன்னு யாரு சொன்னா?

சத்தமா பேசறேனா? எல்லாரும் சொல்றாங்க. இன்ஜின் மேல பேசிப் பேசி தொண்டை அப்படி ஆயிடுச்சு. நான் சாதாரணமாத்தான் பேசறேன், கேக்கறவங்களுக்குத் திட்டற மாதிரி இருக்குதாம்.

இது எங்க அப்பா கட்டின போட்டு. ஏரியில டீசல் கலக்கக் கூடாதுன்னு பட்டணத்துலேர்ந்து ஒரு குழு வந்துது. இருக்கற போட்டையெல்லாம் தட்டித் தட்டிப் பாத்தாங்க. அந்த மேடம்தான் பெரியவங்க, சின்னப் பொண்ணுதான், இதோட கட்டையத் தட்டிட்டு, "ஐயா, உங்க போட்டுக்கு உடம்பு நல்லா இருக்கு, நெஞ்சு மட்டும் மாத்திடலாம்"னாங்க. எனக்கு அது புடிச்சிருந்துது. சரின்னுட்டேன். கரையேத்திக் கவுத்துப் போட்டு, பொத்தல் அடைச்சு, அடியில பைபர் பூசினாங்க. இன்ஜின நாலு பேரு சேந்து தூக்கினாங்க. அந்த எடத்துல ஒரு சின்ன மோட்டாரு. மேல பாருங்க, கூரை மாதிரி இருக்குதே, அதெல்லாம் சோலார் தகடு. பகல்ல வெயில்லயே ஏறிக்கும். பத்தலன்னா துறையில ஒரு கொட்டாய் போட்டிருக்காங்க, அதுக்கு மேலயும் தகடு, அங்க ஒயர் சொருகி வுட்டா ஏறிக்கும்.

அந்த மேடம் ஒரு மெஷின் வெச்சு சத்தத்த அளந்து பாத்தாங்க. பழைய இன்ஜின் சத்தத்துக்குத் தலையில கை வெச்சுக்கிட்டாங்க. "இத்தன வருஷம் எப்படி ஐயா இதுல இருந்தீங்க"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், மேடம், இந்தச் சத்தந்தான் என் பேரு.

நெஜமாத்தாண்ணா. உங்க பக்கமும் அப்படித்தானே? ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு சத்தம். என்னுது நாலு தடவ அடிச்சிட்டு ஒரு மூச்சு வுடும். டப டப டப டப, அப்பால ஒண்ணும் இல்ல, மறுபடியும் டப டப டப டப. எந்த மெக்கானிக்காலயும் சரி பண்ண முடியல. கண்ண மூடிக்கிட்டு சொல்லுவாங்க, கன்னியப்பன் வர்றான்னு. அதோ, தண்ணியில கால வுட்டுக்கிட்டு நிக்குதே கண்டல் மரம், தெரியுதா, தனியா ஒண்ணு? அத வளைஞ்சா எங்க திட்டு. வளையறதுக்கு எவ்ளோ நேரம் முன்னாடியே என் சத்தம் வூட்டுக்குப் போயிடும்.

என் வூட்டப் பத்தி ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. அவ்ளோ ஒழுங்கு. என் பொண்டாட்டி பேரு பூங்காவனம். நான் கரையில கால வெக்கறப்போ செம்புல தண்ணியோட வாசல்ல நிப்பா. உள்ள போனா தட்டுல சோறு இருக்கும், ஆவி பறக்கும். டிவி ஓடாது. பையன் தணிகை வலையச் சிக்கெடுத்துட்டு இருப்பான். மருமவ யுவராணி அடுப்படியில. பேத்தி ஜோதிகா மடியில புஸ்தகம். ஒரு பேச்சு சத்தம் கேக்காது. கோயில் மாதிரி இருக்கும்ணா. நான் சாப்ட்டப்பறம்தான் அவ சாப்புடுவா. எத்தினி வூட்ல அப்படி இருக்குது? துறையில மத்த ஆளுங்க எல்லாம் பொண்டாட்டி மதிக்கல, புள்ள மதிக்கலன்னு பொலம்புவானுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். எனக்குள்ள ஒரு இது. பெருமைதான். பெருமைன்னே வெச்சுக்கங்க.

மோட்டாரு மாட்டி முத நாளு. மாலையெல்லாம் போட்டு, சூடம் காட்டி, துறையில படம் புடிச்சாங்க. நாள் பூரா நடை அடிச்சிட்டு சாயங்காலம் வூட்டுக்கு வர்றேன். கண்டல் மரம் வளையறேன். ஏரி அப்படியே கண்ணாடி மாதிரி. கரையில போட்டு மோதற வரைக்கும் சத்தமே இல்ல. வாசல்ல யாரும் இல்ல. செம்பு இல்ல.

உள்ள ஒரே சிரிப்பு.

வேற யாரு வூட்லயோ கேக்குதுன்னு நெனச்சேன். கிட்ட போனா என் வூட்லதான். எட்டிப் பாக்கறேன். டிவியில பாட்டு ஓடுது. தணிகை தரையில படுத்து வயித்தப் புடிச்சிட்டு உருள்றான். மருமவளுக்குக் கண்ணுல தண்ணி, அவ்ளோ சிரிப்பு. நடுவுல பூங்காவனம். தோள்ல ஒரு துண்டு. இடுப்புல கை. கால அகட்டி அகட்டி நடந்து வந்து, குரலக் கட்டையாக்கி, "இது சோறா? இத மனுஷன் திம்பானா?"ன்னு சொல்லிட்டு, ஒரு தட்டத் தூக்கி வாசல் பக்கம் வீசற மாதிரி காட்டறா. பேத்தி, "ஆயா, இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி"ன்னு குதிக்குது.

அவளுக்கு இப்படியெல்லாம் நடிக்க வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதுண்ணா. கல்யாணம் ஆகி இத்தினி வருஷம் ஆச்சு. அவளோட பின்பல்லு ஒண்ணு இல்லன்னு அன்னிக்குத்தான் பாத்தேன். அவ்ளோ வாயத் தொறந்து சிரிச்சா.

என்னப் பாத்ததும் நின்னுட்டாங்க. டிவி நின்னு போச்சு, யாரு நிறுத்தினாங்கன்னு தெரியல. துண்டு தோள்லேர்ந்து எறங்கி கைக்கு வந்துடுச்சு. நான் சாதாரணமாத்தான் கேட்டேன், "நீ யாரு மாதிரி நடிச்ச?"ன்னு. "ரேஷன் கடைக்காரரு"ன்னா.

ரேஷன் கடைக்காரர எனக்குத் தெரியும். தினமும் என் போட்டுலதான் வருவாரு. அவரு துண்டு போடறதில்ல. அவரு எதுக்கு சோத்துத் தட்ட வீசப் போறாரு? சரி, எதையோ நெனச்சு வெளையாடறாங்கன்னு வுட்டுட்டேன்.

அப்பால பாத்தா அடுப்படியில பெரிய சட்டி காலியா கெடக்குது. வழிச்சு வழிச்சு சாப்ட்டிருக்காங்க. எனக்குத் தனியா ஒரு கிண்ணத்துல மீன் எடுத்து மூடி வெச்சிருக்குது. அவ கையில மஞ்சளும் புளியும். நானு, "சாப்ட்டுட்டீங்களா"ன்னு கேட்டேன். பேத்திதான் சொல்லிச்சு, "ஆயா சட்டியில பெசைஞ்சு எல்லாருக்கும் உருண்டை குடுக்கும் தாத்தா. தெனமும்."

தெனமும்னு சொல்லிச்சு.

நான் சாப்ட்டப்பறம் சாப்புடுவான்னு சொன்னேன்ல. நான் சாப்ட்டப்பறம் ஒரு தட்டுல கொஞ்சம் சோறு போட்டு உக்காருவா. கொஞ்சந்தான். கொறைவா திங்கற பொம்பளன்னு நெனச்சிட்டிருந்தேன்.

கோவம் வந்துதான்னு கேக்காதீங்க. வரணும். வந்திருக்கணும். எனக்கே ஆச்சரியம், ஒண்ணும் வரல. உக்காந்து சாப்ட்டேன். மீனு நல்லா இருந்துது. கை மரப்பு போயிடுச்சுன்னு சொன்னேன் பாருங்க, அது கையவுட்டு வேற எங்கயோ போயி உக்காந்துடுச்சு. சாப்புடறேன், தூங்கறேன், நடை அடிக்கறேன். எல்லாம் நடக்குது. உள்ள ஒண்ணும் தெரியல.

அதுக்கப்பறம் வூடே மாறிப்போச்சு. நான் எப்ப வருவேன்னு யாருக்கும் தெரியல, அதான் விஷயம். மதியம் ஒரு நடை காலியா இருந்தா எட்டிப் பாக்கப் போவேன். போறப்பல்லாம் ஏதோ கையிலேர்ந்து வுழுந்து ஒடைஞ்ச மாதிரி நின்னுடுவாங்க. ரெண்டு வாரத்துல மருமவ எளைச்சிட்டா. டிவியே போடறதில்ல. பூங்காவனம் அடிக்கடி வாசலுக்கு வந்து ஏரியப் பாத்துட்டுப் போறா. ஒரு நாளு கேக்கறா, "ந்தா, அந்தப் பழைய இன்ஜின திரும்ப மாட்ட முடியாதா?"ன்னு. இத்தினி வருஷம் டீசல் நாத்தம், டீசல் நாத்தம்னு மூக்கப் பொத்தினவ. இன்ஜின் இப்ப எங்க வூட்டுப் பின்னாடி சாக்கு மூடிக் கெடக்குது. அது மேல அவளுக்கு அவ்ளோ பாசம் இருந்திருக்குது, நமக்குத்தான் தெரியல.

நடுவுல மழை புடிச்சிக்கிச்சு. ஐப்பசி மழை. வானம் தொறக்கவே இல்ல. பேட்டரி எறங்கிப் போச்சு, கொட்டாயிலயும் ஏறல. மாத்தினா இது ஒண்ணு இருக்குதுண்ணா, தெரிஞ்சுக்கங்க. வெயில் இல்லன்னா வூட்லதான் உக்காரணும். உக்காந்தேன். வூட்ல எல்லாரும் வானத்தையே பாத்துட்டிருந்தாங்க. தணிகை பாக்கறான், யுவராணி பாக்கறா. பேத்தி என்கிட்டயே வந்து, "தாத்தா, வெயில் எப்ப வரும்?"ன்னு கேக்குது. அந்த வயசுல சோலார் பத்தி அவ்ளோ அக்கறை. நான் மேடத்துக்கு போன் போட்டு சொன்னேன், அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

வெயில் வந்துது. நடை ஆரம்பிச்சேன். அதுலேர்ந்து பேத்தி தெனமும் சாயங்காலம் கரையில நிக்க ஆரம்பிச்சிடுச்சு. கண்டல் மரம் வளைஞ்சா சின்னதா ஒரு செவப்பு கவுனு தெரியும். எனக்கு மனசு குளுந்து போச்சு. நமக்காக ஒரு உசுரு காத்துட்டிருக்குதேன்னு. துறையில கமர்கட்டு வாங்கி பையில போட்டுக்குவேன். ஆனா என்னப் பாத்ததும் அது நிக்காது. திரும்பி வூட்டுக்கு ஓடும். "தாத்தா வந்துட்டாரு, தாத்தா வந்துட்டாரு"ன்னு கத்திக்கிட்டே. பெரிய சேதி கொண்டு போற மாதிரி. நான் உள்ள போறப்போ எல்லாம் பழைய மாதிரி இருக்கும். செம்பு, தட்டு, புஸ்தகம். சரி, வூடு மறுபடி ஒழுங்குக்கு வந்துடுச்சுன்னு நெனச்சேன்.

ஒரு நாளு வளையறேன், கரையில கவுனக் காணோம். மரம் மறைக்குதுன்னு, இன்னும் எட்டிப் பாக்கறதுக்காக, ஜோதிகா படகு கட்டற கட்டை மேல ஏறியிருக்குது. பாசி புடிச்ச கட்டை. வழுக்கி வுழுந்திருக்குது. அந்த எடத்துல பெரியவங்களுக்கே கழுத்தளவு. நான் வர்றது அதுக்குக் கேக்கல, அது வுழுந்தது வூட்டுக்குக் கேக்கல. தண்ணிக்கு மேல ஒரு கை மட்டும் தெரிஞ்சுது. நேரா அது மேலதான் போட்டு போயிட்டிருக்குது. சுக்கான ஒடிச்சு, குதிச்சு, முடியப் புடிச்சுத் தூக்கினேன். கண்ணு இமைக்கற நேரம் தப்பியிருந்தா என் போட்டே அது மேல ஏறியிருக்கும்ணா. டீசல் இன்ஜினா இருந்தா நான் வர்றது அதுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும், கட்டை மேல ஏறியே இருக்காது.

தண்ணியக் கக்கிடுச்சு. நல்லா இருக்குது, இன்னிக்குப் பாப்பீங்க. ஆனா அன்னிக்கு எல்லாரும் கரையில நின்னு அழறாங்க. கத்தினேன். அது கோவம்தான், ஒத்துக்கறேன். சின்னப் புள்ளைய தண்ணிக்கிட்ட தனியா யாரு நிக்க வெச்சதுன்னு கேட்டேன். அப்பால பூங்காவனம், புள்ளைய மடியில போட்டுத் தொடைச்சிக்கிட்டே, தலையத் தூக்காம சொன்னா.

"நீ வர்றது தெரியணும்ல."

"ஏன் தெரியணும்?"னு கேட்டேன்.

நான் ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்தேன். மருமவ புள்ளையோட கவுனப் பிழியறா. பிழிஞ்சு முடிச்சதையே மறுபடி பிழியறா. தணிகைதான் கடைசியில, "நைனா, ஒரு ஹார்ன் வெச்சுக்கோயேன்"னான்.

வெச்சுட்டேன். இதோ இந்த செவப்பு பட்டன். லாரிக்கு மாட்டற ஹார்ன், இதே பேட்டரியிலதான் அடிக்குது. மேடம் வந்தப்போ, "சத்தம் இல்லாத போட்டுக்கு எதுக்கு ஐயா இவ்ளோ பெரிய ஹார்ன்"னு சிரிச்சாங்க. பாதுகாப்புக்குன்னேன். பாதுகாப்புக்குத்தானே? எங்க அடிக்கணும்னு பூங்காவனமே எடம் சொல்லிட்டா. "மரத்துக்கிட்ட வந்து அடிக்காத, மரத்துக்கு அந்தாண்டயே அடிச்சிடு. அப்பத்தான் நேரம் இருக்கும்." எதுக்கு நேரம்னு நான் கேக்கல. நான் இப்பல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல.

நீங்க மாத்தினீங்கன்னா ஹார்ன முதல்லயே வெச்சுடுங்க. மோட்டாரு மாட்டற அன்னிக்கே. அப்பால வெக்கலாம்னு வுடாதீங்க. உங்க வூட்டுக்கு உங்க இன்ஜின் சத்தம் கேக்கும்ல? கேக்கும்னு தலையாட்டறீங்க. நீங்க போறப்போ உங்க வூடும் அமைதியாத்தான் இருக்கும்னு சொன்னீங்க, துறையில. நல்ல குடும்பம்ணா. நல்லா இருக்கட்டும்.

அதோ, மரம் வரப் போவுது. இங்கதான் அடிக்கணும்.

கொஞ்சம் இருங்க. மோட்டார நிறுத்திட்டேன், பயப்படாதீங்க, தானா மெதந்து போகும். இது நான் தெனமும் பண்றது. ஆரம்பத்துல அவ சொன்ன எடத்துலயே அடிச்சிட்டிருந்தேன். ஒரு நாளு பட்டன்ல கை வெச்சிட்டு சொம்மா இருந்தேன். ஏரியில காத்து இல்லன்னா வூட்ல பேசறது இங்க வரைக்கும் வரும். டீசல் காலத்துல ஏரிக்கு இப்படி ஒரு காது இருக்கறதே தெரியாது. அன்னிக்குலேர்ந்து தெனமும் கொஞ்சம் லேட்டா அடிக்கறேன். கொஞ்சந்தான். தப்பா?

பேசாம இருங்கண்ணா, நானும் குரலக் கொறைச்சுக்கறேன், கேளுங்க.

அது தணிகை. யாரையோ கிண்டல் பண்றான். என் புள்ள இவ்ளோ பேசுவான். என்கிட்ட "ம்"னு சொல்லுவான், "சரி நைனா"ம்பான், அவ்ளோதான். இந்தச் சிரிப்பு மருமவ. அது சிரிக்க ஆரம்பிச்சா விக்கல் வந்துடும், கேளுங்க, வரும். வந்துடுச்சா? எனக்கு எல்லாம் இப்பத் தெரியும்ணா. நேத்து ஜோதிகாவுக்கு ஒரு பல்லு வுழுந்துது. எனக்கு யாரும் சொல்லல, இங்க இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப, இப்ப. இதக் கேளுங்க. பூங்காவனம். பாடறா. என்னா பாட்டுன்னு தெரியல, வார்த்தை சரியா வர மாட்டேங்குது. சட்டியில பெசையறப்போ பாடுவா. நல்லா பாடறா இல்ல? நீங்க சொல்லுங்க, எனக்குப் பாட்டு பத்தித் தெரியாது. நல்லாத்தான் இருக்குது. ஒரு தடவ நேர்ல கேட்டேன், உனக்குப் பாட வருமான்னு. "எனக்கா? எனக்கு ஏது பாட்டு"ன்னுட்டா.

கொஞ்ச நேரம் இருப்போமே. உங்களுக்குப் பசிக்குதா? பசிக்கும். விருந்தாளியப் பட்டினி போடக் கூடாது. இருட்டறதுக்குள்ள கட்டணும். அப்படியே மெதந்து போயி கரையில மோதினா அந்தப் பாட்டு முழுசும் கேட்டுடலாம், ஆனா அன்னிக்கு மாதிரி ஆயிடும். வேணாம். புள்ளைங்க பயந்துடும்.

அடிக்கறேன். காதப் பொத்திக்கங்க.

பாத்தீங்களா. நல்ல ஹார்ன்ணா. ஒரு தடவ அமுக்கினாலே போதும், எல்லாம் அடங்கிடுது.